அணையில் காலியாக இருக்கும் இடம்

மூடா ஆற்றில் உடாங் காலா என்கிற பெரிய ஆற்று இறால் பிடிக்கப் போகிற மாமா ஒருவர் எங்களுக்கு உண்டு. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டி ஓய்வு பெற்றவர். போன மழைக்காலத்தில் ஒரு நாள் பினாங் துங்கால் பக்கம் அவரோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது. சொட்டு மழை இல்லை. திடீரென்று தூண்டில்களைச் சுருட்ட ஆரம்பித்தார். கரையோரம் அவர் குத்தி வைத்திருந்த மூங்கில் குச்சியைக் காட்டி, "தண்ணி ஒரு சாண் ஏறிடுச்சு பாரு. எந்திரிய்யா, போலாம்" என்றார்.

"தண்ணி கலங்கவே இல்லியே மாமா?"

"மேல பேஞ்ச மழைன்னா முதல்ல ஏறும், அப்புறந்தான் கலங்கும்."

அன்று சாயங்காலத்துக்குள் ஆறு டீத்தண்ணி நிறத்துக்கு மாறிவிட்டது. மாமா சொன்ன அந்த ஒற்றை வரியில் நீரியலின் முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. வெள்ளத்தின் ஏற்றம், தண்ணீரைவிட வேகமாகப் பயணிக்கும். ஆற்றில் ஆழம் கூடினால் ஓட்டத்தின் வேகமும் கூடும். பின்னால் வரும் ஆழமான தண்ணீர், முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் பழைய தண்ணீரை எட்டிப் பிடித்து, அதையும் உயர்த்திக்கொண்டே போகும். அதனால் நம் கண்முன் முதலில் உயர்வது இங்கே ஏற்கனவே இருந்த தெளிந்த தண்ணீர்தான். மேலே கரைந்த மண், தண்ணீரோடு வர வேண்டியது. அது பிறகுதான் வந்து சேரும். அகலமான ஆறுகளில் இந்த ஏற்றம் தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் நகரும். தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் தாண்ட அதற்கு 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏற்றமோ 11 மணி நேரத்தில் வந்துவிடும். கீழே இருப்பவனுக்குக் கிடைக்கிற அவகாசம் அந்த 11 மணி நேரம்தான்.

அண்டை வீட்டார் இருவர் ஓர் ஆற்றைப் பகிர்ந்துகொள்வது என்றால் எத்தனை கேலன், என்ன விலை என்றுதான் பேச்சு போகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுபவை இரண்டு: இந்த மணி நேரக் கணக்கும், அணையில் காலியாகக் கிடக்கும் இடமும்.

முதலில் நம் ஆற்றையே பார்ப்போம். மூடா, மலேசியாவின் வடக்கே கெடா மாநிலத்தின் உலு மூடா காட்டில் பிறக்கிறது. கடலை நெருங்கும் பகுதியில் கெடாவுக்கும், பினாங்கு மாநிலத்தின் தரைப்பகுதியான செபராங் பிறைக்கும் இடையே எல்லையாக ஓடுகிறது. பினாங்கு மக்கள் குடிக்கும் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் இந்த ஆற்றிலிருந்து வருகிறது. லஹார் தியாங்கில் எடுத்து, சுங்கை டுவாவில் சுத்திகரித்து, தீவுக்கும் அனுப்புகிறார்கள். ஜார்ஜ்டவுனில் ஒருவர் குழாயைத் திறந்தால் விழுவது பெரும்பாலும் கெடா காட்டு மழைதான்.

மேலே போனால் இன்னும் சுவையான விஷயம் இருக்கிறது. கெடாவின் நெல்வயல்களுக்காக 1960களின் பிற்பகுதியில் இரண்டு அணைகள் கட்டினார்கள்: மூடா, பெடு. மூடா அணைக்கு மழை பிடிக்கும் பரப்பு 984 சதுர கிலோமீட்டர். ஆனால் அதன் கொள்ளளவு 160 மில்லியன் கன மீட்டர்தான். பெடு அணை நேர்மாறு. மழை பிடிக்கும் பரப்பு 171 சதுர கிலோமீட்டர், கொள்ளளவோ 1,073 மில்லியன் கன மீட்டர். கூரை பெரியது ஒரு வீட்டில், தொட்டி பெரியது பக்கத்து வீட்டில். இரண்டையும் சேர்க்க மலையைக் குடைந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமாக சாயோங் சுரங்கம் போட்டார்கள். மூடாவில் சேரும் மழை சுரங்கம் வழியாகப் பெடுவுக்குப் போய், அங்கிருந்து வயலுக்கு இறங்குகிறது. கெடாவில் இரண்டு போகம் நெல் விளைய இதுவே ஆதாரம். அதே சமயம், மூடா அணைக்கு மேலே பெய்து, ஆற்றில் இயல்பாகக் கீழே வந்திருக்க வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி வேறு வடிநிலத்துக்குத் திரும்பிவிட்டது. கீழ்ப்பகுதியின் ஓட்டத்தைத் தாங்கிப் பிடிக்கப் பின்னாளில் சிக் மாவட்டத்தில் பெரிஸ் அணை வந்தது. ஒரே நாட்டுக்குள், இரண்டு மாநிலங்களுக்கு நடுவிலேயே கணக்கு இவ்வளவு பின்னிக் கிடக்கிறது.

இனி, காலி இடம். அக்கா மகனுக்குப் புரியவைக்க வீட்டு வாசலில் நாங்கள் செய்து பார்த்ததை அப்படியே சொல்கிறேன். பத்து லிட்டர் வாளி ஒன்று. அதன் பக்கவாட்டில், பாதி உயரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. முதல் தடவை வாளி காலி. மூன்று லிட்டர் தண்ணீரைச் சட்டென்று கொட்டினோம். வெளியே ஒரு துளி வரவில்லை. இரண்டாம் தடவை ஓட்டை வரைக்கும் முன்பே நிரப்பி வைத்துவிட்டு, அதே மூன்று லிட்டரை அதே வேகத்தில் கொட்டினோம். மட்டம் ஓட்டைக்கு மேல் ஏறியது. ஓட்டை வழியாகத் தண்ணீர் நிதானமாக ஒழுகி வடிந்தது. கொட்டியது இரண்டே நொடியில். வடிந்து முடிய அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. மூன்றாம் தடவை, ஓட்டையைத் துணியால் அடைத்து, விளிம்பு வரை நிரப்பிவிட்டுக் கொட்டினோம். கொட்டிய வேகத்திலேயே வழிந்து பையன் காலை நனைத்தது. "இப்ப வாளி இருந்தும் இல்லாத மாதிரிதான் மாமா" என்றான். சரியாகச் சொன்னான்.

வெள்ளத்தைத் தடுப்பது அணையின் சுவரன்று, அதற்குள் இருக்கும் வெற்றிடம். மழைக்கு முன் எவ்வளவு காலியாக இருக்கிறதோ, அவ்வளவு வெள்ளத்தைத்தான் அது வாங்கிக்கொள்ளும். வறட்சிக்கோ நேர் எதிர்: எவ்வளவு நிறைந்திருக்கிறதோ, அவ்வளவு நாள் தாங்கும். ஒரே அணையிடம் இரண்டையும் கேட்கிறோம். அதனால்தான் மாதத்துக்கு மாதம் மட்டம் எதுவரை இருக்கலாம் என்று வரம்பு வகுத்து வைத்திருப்பார்கள். பெருமழை மாதங்களுக்கு முன் கொஞ்சம் இறக்கி, மழை ஓயும் நேரத்தில் நிரப்ப வேண்டும். மழை பொய்த்தால், இறக்கியவர் தலை உருளும். இறக்காமல் வைத்திருந்து பெருமழை வந்தாலும் அவர் தலைதான் உருளும். அந்த நாற்காலியில் இருப்பவர்மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

"அணையைத் திறந்துவிட்டு ஊரை மூழ்கடித்துவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டை அடிக்கடி கேட்கிறோம். வருகிற அளவுக்கு மேல் திறக்காதவரை, அணை இயற்கை வெள்ளத்தைப் பெரிதாக்காது. சிக்கல் தாமதத்தில் இருக்கிறது. மட்டம் ஏற ஏறக் காத்திருந்து, அணைக்கே ஆபத்து என்ற நிலையில் எல்லாக் கதவுகளையும் ஒரே சமயத்தில் தூக்கினால், பல மணி நேரத்தில் பரவி வந்திருக்க வேண்டியது ஒரே மடையாக இறங்கும். கீழே இருப்பவனுக்கு அளவோடு சேர்த்து அவகாசமும் பறிபோகிறது.

இனி நாட்டு எல்லையைத் தாண்டும் கணக்கு. அதற்கு, சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய மாநிலமான ஜொகூருக்குப் போவோம். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம். இது 2061 வரை செல்லும். ஆயிரம் கேலனுக்கு 3 சென் என்ற விலையைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. அதை விட்டுவிட்டு ஆற்றைப் பாருங்கள். 250 மில்லியன் கேலன் என்பது நொடிக்கு ஏறக்குறைய 13 கன மீட்டர். இரவு பகல் நிற்காமல், ஆற்றில் அவ்வளவு நல்ல தண்ணீர் ஓடினால்தான் அந்தக் காகிதத்துக்கு உயிர்.

"நல்ல தண்ணீர்" என்றதற்குக் காரணம் உண்டு. கடல்நீர் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,025 கிலோ. ஆற்றுநீர் 1,000 கிலோ. அந்த 25 கிலோ வித்தியாசம் போதும், கடல்நீர் அடியில் படுத்து, ஆற்றுப்படுகை வழியே ஆப்பு செருகியதுபோல் மேல்நோக்கி ஊர்ந்து வரும். மேலே பார்த்தால் ஆறு கடலை நோக்கி ஓடும். அடியில் கடல் ஆற்றை நோக்கி வந்துகொண்டிருக்கும். கடல் பெருக்கெடுக்கும் நேரங்களில் இது இன்னும் தூரம் ஏறும். உப்பு கூடினால் நீரேற்று நிலையத்தை நிறுத்த வேண்டியதுதான். தடுப்பணை இல்லாத ஆற்றில் உப்பைத் தள்ளி வைப்பது மேலிருந்து வரும் ஓட்டம்தான். "வீணாகக் கடலில் கலக்கிறது" என்று நாம் அங்கலாய்க்கும் தண்ணீர், உண்மையில் காவலுக்கு நிற்கிற தண்ணீர்.

இதற்காகத்தான் 1990இல் இன்னோர் ஒப்பந்தம் போட்டு, ஜொகூர் மண்ணில் சிங்கப்பூரின் செலவில் லிங்கியூ அணை கட்டப்பட்டது. லிங்கியூ தண்ணீரைக் குழாயில் நேராக எடுப்பதில்லை. வறண்ட நாட்களில் ஆற்றில் திறந்துவிடுகிறார்கள். அது கீழே வந்து உப்பைத் தள்ளுகிறது, அதன்பின் நீரேற்று நிலையம் எடுத்துக்கொள்கிறது. 2016 அக்டோபரில் லிங்கியூவின் இருப்பு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதே ஆற்றங்கரையில் உள்ள கோத்தா திங்கி, 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வெள்ளத்தில் மூழ்கியது. ஜொகூர் முழுவதும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். பத்தாண்டு இடைவெளியில் ஒரே ஆறு இரண்டு முகத்தையும் காட்டிவிட்டது. அணை இருந்தும் ஏன் வெள்ளம் என்று கேட்கலாம். அணை தனக்கு மேலே பெய்யும் மழையைத்தான் பிடிக்கும். அணைக்குக் கீழே, கிளையாறுகளில் கொட்டும் மழைக்கு அது ஒன்றும் செய்ய முடியாது.

அவகாசம் பறிபோனால் என்ன ஆகும் என்பதற்குக் கொரியாவில் ஒரு கொடுமையான சான்று இருக்கிறது. இம்ஜின் ஆறு வட கொரியாவிலிருந்து தென் கொரியாவுக்குள் ஓடுகிறது. 2009 செப்டம்பர் 6ஆம் தேதி விடியற்காலை, வட கொரியா தன் அணையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீரைத் திறந்துவிட்டது. கீழே கரையில் கூடாரம் போட்டிருந்தவர்களில் ஆறு பேர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். மழை இல்லை, ஆகவே ஆபத்து என்று எண்ண அவர்களுக்குக் காரணமும் இல்லை. அடுத்த மாதம் நடந்த பேச்சில், இனி முன்கூட்டியே தெரிவிப்போம் என்று வட கொரியா ஒப்புக்கொண்டது. பின்னாளில் சொல்லாமலே திறந்ததாகத் தென் கொரியா மீண்டும் மீண்டும் முறையிட்டிருக்கிறது. அந்த ஆறு பேரின் உயிரைக் காப்பாற்ற அணை எதுவும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரு தகவல் போதும்: எத்தனை மணிக்கு, நொடிக்கு எத்தனை கன மீட்டர், எவ்வளவு நேரம்.

மீகோங் ஆற்றில் இந்தத் தகவலைப் பெறவே ஆண்டுக்கணக்கில் ஆனது. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் ஆகிய நான்கும் 1995இல் மீகோங் ஆற்று ஆணையத்தை அமைத்தன. மேலே அணைகள் கட்டிய சீனா அதில் உறுப்பினர் இல்லை. வெள்ளக்கால நீர்மட்டத்தைத் தர 2002இல் சீனா இசைந்தது. ஆண்டு முழுவதுக்குமான விவரம் தர 2020 வரை ஆகிவிட்டது. கோடையில் அணை எவ்வளவு விடுகிறது என்பது கீழே மீன் பிடிப்பவனுக்கும் நாற்று நடுபவனுக்கும் வெள்ளக்கணக்கைப் போலவே தேவை.

நம் வீட்டுக்கு அருகில், கிளந்தானில், கோலோக் ஆறு மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் எல்லை. 1909 ஒப்பந்தம் வகுத்த எல்லை அது. இக்கரையில் ரந்தாவ் பாஞ்சாங், அக்கரையில் சுங்கை கோலோக் நகரம். வடகிழக்குப் பருவமழையில் இரண்டும் சேர்ந்தே மூழ்கும். அங்கே சிக்கல் வேறு மாதிரி: வெள்ளத்துக்குத் தேவையான காலி இடம் அணையில் இல்லை, இரண்டு கரையின் வயல்களிலும் பள்ளங்களிலும் இருக்கிறது. ஒரு கரையில் மட்டும் தடுப்புச் சுவர் எழுப்பினால், அந்தப் பக்கம் பரவ வேண்டிய தண்ணீர் மறு கரைக்கு ஏறும். இரண்டு கரையிலும் ஆற்றை ஒட்டியே எழுப்பினாலோ, மட்டம் இன்னும் உயர்ந்து, சுவர் முடியும் இடத்தில் இருக்கும் கிராமங்களுக்குள் பாயும். சுவரின் உயரம், ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது, எந்தத் தாழ்நிலத்தைத் தண்ணீருக்கு விட்டுக்கொடுப்பது என்பதையெல்லாம் இரண்டு நாட்டுப் பொறியாளர்களும் ஒரே மேசையில் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு தீர்மானித்தால்தான் சரியாக வரும். ஆறு சிறியது, மழைக்கும் வெள்ளத்துக்கும் நடுவே உள்ள நேரமும் குறைவு. அக்கரையில் அளக்கும் மழை இக்கரைக்கு அப்போதே தெரிந்தாக வேண்டும்.

மாமாவுக்கு அன்று குச்சி மட்டும் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது. கோலக்கெட்டிலில் அவருடைய சகலை இருக்கிறார். மலாயில் கோலா என்றால் ஆறு கூடும் இடம். கெட்டில் ஆறு மூடாவோடு சேர்வது அந்தப் பக்கம்தான். பாலிங் மலையில் கனத்த மழை பெய்து அங்கே ஆறு ஏறினால், சகலை மாமாவைக் கைப்பேசியில் கூப்பிட்டுவிடுவார். 2003 அக்டோபர் வெள்ளத்துக்குப் பிறகு இருவரும் வைத்துக்கொண்ட பழக்கம் இது. அன்று காலையிலும் கூப்பிட்டிருக்கிறார். மாமா கேட்டது ஒரே கேள்வி: "எத்தன மணிக்கு ஏற ஆரம்பிச்சிச்சு?"