ஆடியோ டிஸ்கிரிப்ஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

நாடகத்தில் ஒருத்தி பேசாமல் ஒரு கடிதத்தைக் கிழிக்கிறாள். பார்வையற்ற ரசிகருக்குக் காகிதம் கிழியும் சத்தம் மட்டும்தான் கிடைக்கும். கிழித்தது யார், எதை என்று தெரியாது. வசனம் இல்லாத அந்த இடைவெளியில், "செல்வி கடிதத்தை நான்காகக் கிழிக்கிறாள்" என்று அவர் காதில் மட்டும் விழும்படி ஒருவர் சொல்வதுதான் ஆடியோ டிஸ்கிரிப்ஷன். சொல்பவர் தனி அறையில் மைக்குடன் இருப்பார், கேட்பவர் இயர்போன் மாட்டியிருப்பார்.

இரண்டு சொற்களுக்கும் வேர் லத்தீன். 'ஆடியோ' என்றால் 'கேட்கிறேன்'. மற்றது 'எழுதி வைத்தல்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது.

1970களில் சான் பிரான்சிஸ்கோவில் கிரெகரி ஃபிரேசியர் தன் முதுகலை ஆய்வில் இந்த யோசனையை முன்வைத்தார். மேடையில் இது முறையாகத் தொடங்கியது 1981இல், வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் அரங்கில். அதை உருவாக்கிய மார்கரெட் ராக்வெல் பார்வையிழந்தவர். பத்திரிகைகளை வாசித்து ஒலிபரப்பும் வானொலிச் சேவை ஒன்றை ஏற்கெனவே நடத்திவந்தார். அவருடன் கைகோத்த கோடி ஃபான்ஸ்டீலைப் பின்னாளில் மணந்தார். தேவை யாருக்கோ, அவரே வழியையும் வகுத்தார் என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரிட்டனில் 1980களில் இதற்கு முன்கை எடுத்தது நாட்டிங்ஹாம்ஷரில் ஆவர்ஹம் என்ற சிற்றூரின் ராபின் ஹுட் அரங்கு. பணமுள்ள பெரிய அரங்குகளால்தான் இதெல்லாம் முடியும் என்று நம் ஊர் நாடகக் குழுக்கள் ஒதுங்கத் தேவையில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஒலி விவரிப்பு' என்று நேராகப் பெயர்த்தால் ஒலியை விவரிப்பது என்றாகிவிடும். அது காது கேளாதோருக்காகத் திரையில் எழுத்தில் ஓடும் வரிகளின் வேலை. இங்கே விவரிக்கப்படுவது காட்சி. 'விளக்கம்' என்ற சொல்லும் பொருந்தாது, ஏனென்றால் இதில் விளக்கவே கூடாது. "கோபத்தில் கொதிக்கிறார்" என்றால் அது சொல்பவரின் முடிவு. "முஷ்டியை மடக்குகிறார், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்" என்றால் கோபமா அவமானமா என்பதைக் கேட்பவரே தீர்மானிப்பார். மற்ற ரசிகர்களுக்கு இருக்கும் அதே உரிமை அவருக்கும் வேண்டும். கிரிக்கெட்டால் நமக்குப் பழகிய 'நேர்முக வர்ணனை'யில் வேகமும் உடனடித்தன்மையும் உண்டு, ஆனால் அபிப்பிராயமும் அலங்காரமும் கூடவே வரும்.

அதனால் 'காட்சி விவரிப்பு' என்பதே சரி என்பேன். சொல்பவர் 'காட்சி விவரிப்பாளர்'. கேட்டவுடன் புரியும், வேலையையும் சரியாகச் சொல்லும்.

நம் கூத்து மரபிலும் இதற்கு நெருங்கிய ஒன்று இருக்கிறது. தெருக்கூத்தில் வேடதாரி திரைக்குப் பின்னிருந்தே தான் யார் என்று பாடி அறிமுகமாவார், கட்டியங்காரன் கேள்வி கேட்டு மீதியை வாங்குவான். ஆள் வருவது பார்க்காமலே தெரிந்துவிடும். சண்டையும் அடவும் மட்டும் கண்ணுக்கே மிஞ்சும்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு ஏற்பாடு, நாடகத்துக்கு முன் பார்வையற்றவர்களை மேடைக்கே அழைத்து நாற்காலி, கிரீடம், உடை எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க விடுவது. நடிகர்கள் தங்கள் குரலில் ஓரிரு வரி பேசி அறிமுகமாவார்கள். அப்புறம் நாடகத்தில் எந்தக் குரல் யாருடையது என்ற குழப்பம் வராது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். காட்சி விவரிப்புக்கு மட்டும் தயாரிப்பு வேண்டும்: விவரிப்பாளர் ஒத்திகைகளுக்கு வந்து, எந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். எழுதியதைப் பார்வையற்ற ஒருவரிடம் வாசித்துக் காட்டித் திருத்த வேண்டும். நாடகத்தன்று வந்து பார்த்துச் சமாளித்துவிடலாம் என்று இறங்கினால் வசனத்தின் மேலேயே பேச நேரும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு ஊடகங்களுக்கு இந்த வசதியைப் பெயர் சொல்லியே கேட்கிறது. அதே சட்டம் கலையிலும் பண்பாட்டிலும் பங்கேற்கும் உரிமையையும் தருகிறது. அந்த உரிமை மேடை நாடகத்துக்கும் சேர்த்துத்தான்.