கோபத்தை விழுங்குவது பக்குவம் அல்ல

"ஆபீஸ்ல அவர மாதிரி பொறுமைசாலி கிடையாது" என்று நிறுவனம் சான்றிதழ் கொடுக்கும். அதே மனிதரின் மனைவியோ, "அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே பிள்ளைங்க உள் ரூமுக்குப் போயிடுதுங்க" என்பார். பணியிட மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. இந்த மாதமும் அப்படி ஒருவர் வந்தார். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். மேலாளர் பத்துப் பேர் முன்னால் திட்டினாலும் "சரி சார்" தவிர வேறு சொல் வராது. "எமோஷனல் இன்டெலிஜென்ஸ் அதிகம், குடும்பப் பிரச்சினை மட்டும்தான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இல்லை. அவருக்கு அடக்கத் தெரியும், அவ்வளவுதான். எமோஷனல் இன்டெலிஜென்ஸ், அதாவது உணர்வு நுண்ணறிவு என்பது அடக்கத் தெரிவது என்ற எண்ணம்தான் ஆட்களை நோயாளியாக்குகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-ல் உணர்வு நுண்ணறிவு என்ற கருத்துக்கு வடிவம் கொடுத்தார்கள். 1997-ல் அதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள்: உணர்ச்சியைக் கண்டுகொள்வது, யோசிப்பதற்கு அதைப் பயன்படுத்துவது, அது எதனால் வந்தது, எங்கே போகும் என்று புரிந்துகொள்வது, கடைசியாக அதைக் கையாள்வது. கையாள்வது நான்காவதாகத்தான் வருகிறது. முதல் மூன்றையும் தாண்டிக் குதித்து, நான்காவதையும் "முகத்தில் காட்டாதே" என்று சுருக்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

முகத்தில் காட்டாமல் இருந்தால் என்ன ஆகும் என்று ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் ஆய்வுக்கூடத்திலேயே சோதித்துப் பார்த்தார். அருவருப்பூட்டும் படத்தைப் போட்டுக் காட்டி, ஒரு பிரிவினரிடம் மட்டும் உணர்ச்சியை வெளிக்காட்டாதீர்கள் என்றார்கள். முகம் அடங்கியது. அருவருப்பு குறையவில்லை. உடலைப் பதற்றத்துக்குத் தயார்ப்படுத்தும் நரம்பு மண்டலம் கூடுதலாகவே வேலை செய்தது. பின்னால் வந்த ஆய்வுகளில், அடக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நேரத்தில் காதில் விழுந்த விவரங்கள் சரியாக நினைவில் நிற்கவில்லை என்றும், அப்படிப்பட்டவரோடு உரையாடிய எதிராளிக்கும் ரத்த அழுத்தம் ஏறியது என்றும் தெரிந்தது. மீட்டிங்கில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் வெளியே வந்து "என்ன சொன்னாங்கன்னே மண்டையில ஏறல" என்றால், அது சோம்பேறித்தனம் அல்ல.

"அப்ப கத்தித் தீர்த்துடலாமா?" என்று உடனே ஒரு கேள்வி வரும். அதுவும் கூடாது. தலையணையைக் குத்து, தனியாகப் போய்க் கத்து என்று யோசனை சொல்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். திட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதாகத்தான் 2002-ல் பிராட் புஷ்மன் செய்த சோதனை காட்டியது.

செய்ய வேண்டிய முதல் வேலை, உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைப்பது. எதைக் கேட்டாலும் "டென்ஷன் சார்" என்கிறார்கள். அப்ரைசலில் ரேட்டிங் குறைந்தது ஏமாற்றம். ஜூனியருக்குப் பதவி உயர்வு கிடைத்தது பொறாமையாக இருக்கலாம், அவமானமாகவும் இருக்கலாம். வேலை போய்விடுமோ என்பது பயம். மூன்று நாள் தூக்கமில்லாதது வெறும் களைப்பு. பயத்துக்குத் தகவல் வேண்டும், களைப்புக்குத் தூக்கம் வேண்டும், அவமானத்துக்குப் பேச்சு வேண்டும். எல்லாவற்றையும் டென்ஷன் என்ற ஒரே மூட்டையில் கட்டினால் எதற்கும் மருந்து கிடைக்காது. நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு உணர்வுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணமும் சொல்கிறது. அச்சத்தின் நான்கு காரணங்களில் ஒன்று 'இறை', அதாவது மேலே இருந்து ஆள்பவர். அழுகையின் நான்கில் ஒன்று 'இளிவு', பிறர் இழிவுபடுத்துவது. மேலாளர் அறையிலிருந்து கலங்கிய கண்ணோடு வெளியே வருகிறவரைப் பார்த்து "இவ்ளோ எமோஷனலா?" என்று கேட்கிறவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடந்த அன்றே எழுதுங்கள். முதலில், நடந்ததைக் கேமரா பதிவுசெய்வதுபோல: "மதிக்கவில்லை" என்று எழுதாதீர்கள், "நான் பேசும்போது போனைப் பார்த்தார்" என்று எழுதுங்கள். அடுத்து உடம்பில் என்ன ஆனது: காது சூடானதா, தாடை இறுகியதா, வயிறு பிசைந்ததா? பிறகு உணர்ச்சியின் பெயர், 0 முதல் 10 வரை அதன் அளவு. கடைசியாக, அப்போது மனதுக்குள் ஓடிய வாக்கியம். பெரும்பாலானவர்கள் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் சரக்கே இருக்கிறது. "போனைப் பார்த்தார்" என்பதற்கும் 8 மதிப்பெண் கோபத்துக்கும் நடுவில் "என்னை ஒரு ஆளாகவே மதிக்கல" என்ற வாக்கியம் நிற்கும். அது உண்மையா, வேறு காரணம் இருக்க முடியுமா என்று பார்ப்பதைத்தான் மறுமதிப்பீடு என்கிறோம். கிராஸின் சோதனைகளில் படத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை அது தொடங்கும் முன்பே மாற்றிக்கொண்டவர்களுக்கு அருவருப்பே குறைந்தது, நரம்பு மண்டலத்தின் அந்தக் கூடுதல் ஓட்டமும் இல்லை. சில சமயம் யோசித்துப் பார்த்தால் அந்த வாக்கியம் உண்மையாகவே இருக்கும். அப்போது கோபம் நியாயமானது, அதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

உடம்பு கொதிக்கும்போது பேசாதீர்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், இரண்டு மூன்று நிமிடம். விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு இறங்க உதவும். வேகவேகமாக ஆழ்ந்து இழுத்தால் தலைதான் சுற்றும். வாக்குவாதம் முற்றிவிட்டால் குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும் என்பது தம்பதியரை ஆராய்ந்த ஜான் காட்மனின் கணக்கு. அந்த இருபது நிமிடமும் "அவன் எப்படி அப்படிச் சொல்லலாம்" என்று ஓட்டிக்கொண்டிருந்தால் அது இடைவெளியே இல்லை. நடங்கள், முகம் கழுவுங்கள், வேறு வேலை பாருங்கள். கோபத்தில் மின்னஞ்சல் எழுதினால் பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுங்கள். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் பதில் போடவே போடாதீர்கள்.

பேசும்போது தனியாக, ஒரே ஒரு சம்பவத்தைப் பேசுங்கள். நடந்தது, அதன் விளைவு, என் வேண்டுகோள் என்ற வரிசையில். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்றால் சண்டை. "சார், காலையில எல்லார் முன்னாடியும் என் ரிப்போர்ட் குப்பைன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் டீம்ல யாரும் என்கிட்ட டவுட் கேட்கல. தப்பு இருந்தா தனியா சொல்லுங்க, அன்னைக்கே திருத்திடறேன்" என்றால் பேச்சு. இதை வீட்டில் சத்தமாக நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். சொல்லிப் பார்க்காமல் போனால் இரண்டாவது வாக்கியத்தில் தொண்டை அடைக்கும்.

"மூஞ்சியப் பார்த்தே மனசுல என்னன்னு சொல்லிடுவேன்" என்ற பெருமையும் வேண்டாம். முகபாவத்தை மட்டும் வைத்து உணர்ச்சியை நம்பகமாகச் சொல்ல முடியாது என்று 2019-ல் லிசா ஃபெல்ட்மன் பாரட் உள்ளிட்டோர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள்: "காலையிலேர்ந்து பேசவே இல்லையே, என்னாச்சு?" கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். யோசனை சொல்ல அவசரப்படாதீர்கள். இணையத்தில் பதினைந்து கேள்விக்குப் பதில் போட்டு வாங்கிய ஸ்கோரையும் நம்பாதீர்கள். அது உங்களைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் மட்டுமே. திறன் குறைந்தவர்கள்தான் தம்மை மிக அதிகமாக மதிப்பிட்டுக்கொள்கிறார்கள்.

மேலாளர்களுக்கும் மனிதவளத் துறைக்கும் ஒரு வார்த்தை. இரண்டு ஆள் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அவருக்கு மன அமைதிப் பயிற்சி கொடுப்பது அநியாயம். கத்துகிறவர் மேலே இருக்கும்போது வாங்கிக்கொள்கிறவரை மட்டும் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். பாலியல் தொந்தரவைப் "பக்குவமாகக் கையாளச்" சொல்வது பெருங்குற்றம். 2013 சட்டப்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் அவகாசம் தரலாம். அங்கே தேவை புகார், மூச்சுப் பயிற்சி அல்ல.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசி கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் நோட்டை மூடி வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கே பேசுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.