காலண்டர் படத்துக்குத் தண்ணீர் எதற்கு?

வீட்டுக் காலண்டரில் இருக்கும் முருகன் முகத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். தோலின் நிறம் காணாமல் போய், மஞ்சளும் மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு ரோஸும் பொடிப் புள்ளிகளாகத் தெரியும். ஊடே சியான் என்ற பச்சை கலந்த நீலமும் கறுப்பும் இருக்கும். நல்ல அச்சில் அங்குலத்துக்கு 150 வரிசைப் புள்ளிகள், அதாவது ஒரு சதுர அங்குலத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 22,500 இடங்கள். அவ்வளவு நெருக்கத்தைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது.

இதை அடிப்பது ஆஃப்செட் மெஷின். அதன் பிளேட் ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. ரப்பர் ஸ்டாம்பில் இருப்பதுபோல மேடு பள்ளம் கிடையாது. அப்படியானால் மை எப்படிச் சரியான இடத்தில் மட்டும் ஒட்டுகிறது? எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதுதான் விஷயம். படம் உள்ள பகுதி எண்ணெய் மையை ஏற்கும். மற்ற பகுதி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மையை விலக்கும். பிளேட் சுற்றும்போது முதலில் ஈர உருளை தொடும், அப்புறம் மை உருளை. பிளேட்டில் ஏறிய படம் ரப்பர் பிளாங்கெட்டுக்கு, அதாவது உருளையில் சுற்றிய ரப்பர் விரிப்புக்கு மாறி, அதிலிருந்து தாளுக்கு வரும். ரப்பர் நெளிந்து கொடுப்பதால் சொரசொரப்பான தாளிலும் படம் நன்றாக விழும்.

தண்ணீர் குறைந்தால் படம் இல்லாத இடத்திலும் மை ஏறித் தாள் அழுக்காகும். கூடினால் நிறம் வெளுத்துப்போகும். இந்த அளவைப் பிடிப்பதுதான் மெஷின்மேனின் வித்தை. டிசைன் போடுபவர், பிளேட் எடுப்பவர், ஹெல்பர், கட்டிங், பைண்டிங் ஆட்கள் என்று எத்தனையோ பேர் உழைத்தாலும், ஒரு படத்தின் உயிர் இவர் கையில் என்றே நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் தாளும் ஈரத்தைக் குடிக்கும். அதன் நார்கள் நீளத்தில் அதிகம் மாறாமல் குறுக்கே பருக்கும். தாளும் அந்தத் திசையில் அகலும். ஒற்றை வண்ண மெஷினில், வண்ணத்துக்கு ஒரு முறையாக, அதே தாள் நான்கு முறை ஓட வேண்டும். நடுவில் தாள் துளி அகன்றாலும் ரிஜிஸ்டர், அதாவது வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம், விலகி, முருகனின் உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டிவிடும். அதனால்தான் தாளின் ஓரத்தில் இருக்கும் கூட்டல் குறிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா என்று அவர் லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

சிவகாசியில் 1923 வாக்கில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்கு லேபிள் தேவைப்பட்டது; அச்சுத்தொழில் அங்கே வேர்விட்டது அப்படித்தான். வறண்ட காற்று தீக்குச்சிக்கும் நல்லது, தாளுக்கும் நல்லது. ஆனால் மாதிரிப் படங்கள் அடங்கிய காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்குக்கு வெளிவந்து, ஆர்டர் குவிந்து, வேலை உச்சத்துக்கு வருவது ஐப்பசி, கார்த்திகையில். அந்த வறண்ட ஊரிலும் மழை பெய்யும் மாதங்கள் அவை. அப்போது தாள் கட்டுகளை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. மெஷின் இருக்கும் அறையிலேயே வைத்து, அந்த அறையின் சூட்டுக்குப் பழகவிட்டுத்தான் உறையைக் கிழிக்க வேண்டும்.