மணிக்கணக்குச் சம்பளம்

“அக்கா, பிஹேவியர் தெரபி படிச்சா பொழைச்சுக்கலாமா?” மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னைப் பார்க்கும் காலேஜ் பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். ஒரு நடத்தை ஏன் வருகிறது என்று பார்த்து, அதற்குப் பதில் உதவும் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தத் தெரபி. பிழைக்கலாம். எப்படிப் பிழைப்பது என்பதில்தான் சிக்கல்.

என் முதல் வேலை பெரிய பட்டணத்தில் ஓர் ஆட்டிசம் சென்டரில். அங்கே மணிக்கணக்குச் சம்பளம். ஒரு பையன் வேண்டியதைக் கேட்டு வாங்கவும் சட்டைப் பொத்தான் போடவும் கற்றுக்கொண்டுவிட்டான். இனி நேரத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். “அம்மா அப்பாவே கேட்கல, நீங்க ஏன் குறைக்கிறீங்க?” என்றார் மேலாளர்.

சென்டர்கள் சொல்லும் ‘வாரம் 40 மணி நேரம்’ 1987-இல் அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அதில் அந்தத் தீவிரப் பயிற்சி பெற்றவர்கள் 19 சிறு பிள்ளைகள். உரத்த “நோ”வும் எப்போதாவது தொடையில் ஓர் அடியும் அந்தப் பயிற்சியில் இருந்தன. இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்களில் பலருக்கு இந்தத் தெரபி மேல் இருக்கும் கோபம் நியாயமானது. “அக்காவைப் பாரு” என்று நானும் பிள்ளைகளின் தாடையைப் பிடித்துத் திருப்பியிருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

சான்றிதழ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தெரபியை நடத்தும் நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்கு பிசிபிஏ சான்றிதழ் தரும் அமெரிக்க வாரியம், 2023 ஜனவரி முதல் ஒருசில நாடுகளில் வசிப்பவர்களின் விண்ணப்பங்களை மட்டுமே ஏற்கிறது. அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை. ஐபிஏஓ, கியூஏபிஏ போன்ற வேறு அமைப்புகளின் சான்றிதழ்கள் உண்டு. ஆனால் காசு கட்டுவதற்கு முன், பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை, சிறப்புக் கல்வி இவற்றில் ஒன்றை அடிப்படைப் படிப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நடத்தைப் பகுப்பாய்வு அதற்கு மேலே உட்காரட்டும். ஒரு சென்டர் கைவிட்டாலும் பள்ளியிலோ மருத்துவமனையிலோ பிடிமானம் இருக்கும்.

செம்பனைத் தோட்டத்திலும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. குலை வெட்டுபவர் ஹெல்மெட்டை ஏன் கழற்றி வைக்கிறார்? வியர்வை, புழுக்கம், வெட்டிய குலைக்கு ஏற்ற கூலி. ஆளைத் திட்டாமல் இந்தக் காரணங்களை மாற்றுவதுதான் எங்கள் தொழில். கூலிக் கணக்கைத் தொடாமல் ஆளை மட்டும் திருத்தச் சொல்லி நிர்வாகம் அழைத்தால் போகாதீர்கள். அது பேனா பிடித்த மண்டோர் (கங்காணி) வேலை.

இப்போது நான் பெரும்பாலும் வீடுகளுக்குப் போகிறேன். பழைய லயத்து வீடு ஒன்றில் ஐந்து வயதுப் பையன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). பேச்சு இல்லை. தாகம் எடுத்தால் கதவில் தலையை மோதுவான். பாட்டி ஓடிவந்து மைலோ கொடுப்பார். மோதினால் மைலோ வரும் என்று அவன் சரியாகவே கற்றிருந்தான். சிவப்புக் கப்பை அவன் கைக்கு எட்டும் பலகையில் வைத்தோம். கதவுப் பக்கம் அவன் திரும்பும்போதே பாட்டி கப்பை அவன் கையில் கொடுத்து, அதைத் தன் பக்கம் நீட்ட வைத்து, உடனே ஊற்ற வேண்டும். முதல் நாள் நான் செய்து காட்டினேன், அப்புறம் எல்லாம் பாட்டிதான். மூன்றாவது வாரம் அவனே கப்பை எடுத்துக்கொண்டு வந்தான். மைலோ காலியான ஒருநாள் மறுபடி மோதினான். அதையும் பாட்டியே சமாளித்தார், கப்பில் தண்ணீர் ஊற்றி.

வாரம் ஒரு மணி நேரம், மொத்தம் பத்து வாரம். பதினோராவது வாரம் போனபோது பாட்டி வாசலிலேயே சொன்னார்: “இனிமே பாடம் வேணாம்மா, நானே பாத்துக்கிறேன். நீ தேத்தண்ணி குடிக்க வா.”

அடுத்த மாதக் கணக்கில் நான்கு மணி நேரம் குறைந்தது. காருக்கு மாதத் தவணை கட்ட வேண்டிய வாரம் அது.