தாத்தாவின் காசைத் தண்ணீரில் நிறுப்பது எப்படி?

செம்பூரிலிருந்து ஒரு வாசகி போன மாதம் எழுதியிருந்தார். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். தாத்தாவும் பாட்டியும் போய்ச் சேர்ந்த பிறகு பரணைக் காலி செய்யும்போது, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பழைய காசு கிடைத்திருக்கிறது. நகைக்கடை ஒன்றில் காட்டினால், "எல்லாம் ஒரே வெள்ளிதாம்மா, மொத்தமா எடைக்குப் போட்டுக்கலாம்" என்றார்களாம். "சார், எல்லாம் ஒரே வெள்ளிதானா?" என்பதுதான் அவர் கேள்வி.

இல்லவே இல்லை. பாட்டிலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் எங்கள் வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டேன்.

முதலில் காந்தம் வைத்தோம். 1992க்குப் பிறகு வந்த எஃகு ஒற்றை ரூபாய்கள் ஒட்டிக்கொண்டு வந்தன, அவற்றோடு புலி போட்ட 1947 ரூபாய் ஒன்றும் வந்தது. அது சுத்த நிக்கல், பார்க்க வெள்ளி மாதிரியே இருக்கும். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தர வேண்டியிருந்ததால் 1946லிருந்து நிக்கலுக்கு மாறினார்கள். அலுமினியப் பைசாக்கள் கையில் எடுத்தாலே தெரியும். 1943லிருந்து செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டு அடித்த ஓட்டைக் காலணா ஏழு இருந்தது. அதெல்லாம் ஒரு பக்கம். மிச்சம் இருந்தவை ராஜா ராணி தலை போட்ட பெரிய ரூபாய்கள், மொத்தம் பதினொன்று.

இந்தப் பெரிய ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. ஊர்ப் பாட்டிகள் மருந்துச் சாமான் சொல்லும்போது "ஒரு ரூபா எடை சுக்கு" என்பார்களே, அந்த ரூபாய் இதுதான். 1835லிருந்து 1939 வரை இதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940ல் அதைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குச் செம்பும் கொஞ்சம் நிக்கலும் துத்தநாகமும் சேர்த்தார்கள். எடையை மட்டும் மாற்றவில்லை. ஆகவே தராசில் வைத்தால் இரண்டும் ஒன்று. ஆனால் முன்னதில் கிட்டத்தட்ட 10.7 கிராம் வெள்ளி, பின்னதில் 5.8 கிராம்தான். மொத்தமாக எடைக்குப் போட்டால் யாருக்கு லாபம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வருடத்தைப் பார்த்தே பிரிக்கலாமே என்றால், பெரும்பாலும் பிரிக்கலாம்தான். ஆனால் தேய்ந்து வருடமே தெரியாத காசு இருக்கும், போலியும் இருக்கும். நகைக்கடையில் இருக்கும் எக்ஸ்ரே மெஷினில் வைத்தாலும் அது மேலே ஒரு தலைமுடித் தடிமன் அளவுக்குத்தான் பார்க்கும், கொஞ்சம் கனமாக முலாம் பூசியிருந்தால் ஏமாந்துவிடும். காசின் உள்ளே வரைக்கும் போய் எட்டிப் பார்க்க நமக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும், எனக்கு இந்தச் சோதனையில் இருக்கும் சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது.

தேவை: 0.01 கிராம் வரை காட்டும் சின்ன நகைத் தராசு, பிளாஸ்டிக் கப், தையல் நூல். கப்பில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எண்ணை பூஜ்ஜியமாக்கிக்கொள்ளுங்கள். காசை நூலில் கட்டி, கையால் பிடித்தபடியே முழுவதும் தண்ணீருக்குள் இறக்குங்கள். அடியைத் தொடக் கூடாது, ஓரத்தையும் தொடக் கூடாது. இப்போது தராசைப் பாருங்கள், எண் ஏறியிருக்கும்.

வாசகி இங்கே நிறுத்திவிட்டார். "காசை நான்தானே சார் தூக்கிப் பிடிச்சிருக்கேன், தராசு எப்படி ஏறும்?" அருமையான கேள்வி. தண்ணீர் காசை மேல்நோக்கித் தள்ளுகிறது, அது ஆர்க்கிமிடீஸ், பள்ளியில் படித்தது. தண்ணீர் காசை மேலே தள்ளினால், காசு அதே அளவு தண்ணீரைக் கீழே தள்ளியாக வேண்டும், அது நியூட்டனின் மூன்றாம் விதி. அந்தத் தள்ளல் தண்ணீர் வழியாகக் கப்புக்கும், கப்பு வழியாகத் தராசுக்கும் போய்ச் சேருகிறது. எவ்வளவு தள்ளல்? காசு அடைத்துக்கொண்ட இடத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்திருக்குமோ அதன் எடை அளவு. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்பதால், தராசில் தெரியும் எண்தான் அந்தக் காசின் கன அளவு! ராஜாவின் தாடி, கிரீடம், ஓரத்து வரிகள், எழுத்துகளுக்கு நடுவே உள்ள பள்ளம் என்று ஸ்கேல் வைத்து அளக்கவே முடியாத அத்தனை மேடு பள்ளங்களையும் தண்ணீர் ஒரு நொடியில் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுகிறது.

காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 91.7 பங்கு வெள்ளி என்றால் சுமார் 10.3 வரும், பாதி வெள்ளி என்றால் 9.5, செம்பும் நிக்கலும் கலந்த போலி என்றால் 8.9.

முதலில் இறக்கியது 1918 ரூபாய். எடை 11.60 கிராம், தராசு காட்டியது 1.15. வகுத்தால் 10.1தான், இடிக்கிறது. குனிந்து பார்த்தால் 'ஜார்ஜ்' என்ற எழுத்துகளுக்கு நடுவே கடுகு கடுகாகக் காற்றுக் குமிழிகள். அவையும் இடத்தை அடைக்குமே! நூலை லேசாகச் சுண்டியதும் குமிழிகள் மேலே ஓடின, எண் 1.12க்கு இறங்கியது. 10.36, நல்ல வெள்ளி. அடுத்து ஆறாம் ஜார்ஜ், 1944: 11.62ஐ 1.22ஆல் வகுத்தால் 9.52. நான்கு காசு தாண்டி வந்த 1919 ரூபாய் பளபளவென்று இருந்தது, வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பிடித்தது என்றார். 11.40, 1.28. அதாவது 8.9. வெள்ளியே இல்லை, முலாம்தான். அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் பத்து காசு நல்ல காசு, அதில் ஏழு முழு வெள்ளி.

வெள்ளி எவ்வளவு என்பது விலையின் அடிமட்டம்தான். அதற்கு மேல் எத்தனை மிச்சம் இருக்கிறது, எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதற்குத்தான் சேகரிப்பாளர்கள் பணம் தருவார்கள். 1918, 1919 எல்லாம் கோடிக்கணக்கில் அடித்தவை, பெரிதாக ஏறாது. அவரிடம் 1911 ஒன்று இருந்தது. அதில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த வருடமே படத்தைத் திருத்தினார்கள். லென்ஸில் பார்த்தால் உண்மையிலேயே பன்றிதான். இதைத் தனியாக விசாரித்து விற்க வேண்டும். விக்டோரியா தலை போட்ட 1862 ஒன்றும் உண்டு. 1862 என்ற வருடத்தை மாற்றாமலேயே 1874 வரை அடித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் வருடத்தை மட்டும் பார்த்து விலை சொல்பவரை நம்பாதீர்கள்.

தேய்க்கவும் கூடாது. புளியும் விபூதியும் போட்டுத் துலக்கினால் கறுப்பு போகும்தான். ஆனால் அந்தக் கறுப்பு, காற்றிலிருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து சல்பைடாக மாறிப்போன வெள்ளி, அதைச் சுரண்டினால் ராஜாவின் மீசையும் சேர்ந்து போகும். சேகரிப்பாளர் ஒரு பார்வையில் கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார்.

பாட்டிலின் அடியில் ராமர் பட்டாபிஷேகம் போட்ட '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' காசும் கிடந்தது. கம்பெனி அப்படியொரு காசை அடிக்கவே இல்லை. இது அரிசியை இழுக்கும், கோடிக்குப் போகும் என்று சொல்லி 'ரைஸ் புல்லிங்' கும்பல்கள் நம் ஊரில் எத்தனை குடும்பங்களின் சேமிப்பைத் தின்றிருக்கின்றன! எனக்கு இதில் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பழைய காசை லட்சத்துக்கு வாங்குகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று தன் பெயரிலேயே ஏமாற்றுகிறார்கள் என ரிசர்வ் வங்கி 2021ல் எச்சரிக்கையே விட்டது. ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் ஒரு நகைத் தராசு வாங்கி வைத்து, எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகளைக் காசு நிறுக்க வைக்க வேண்டும். ராக்கெட்டுக்குச் செலவழிக்கும் நாடு இதற்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசுகள் 1972ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாகக்கூட அனுப்ப முடியாது. விற்பதற்கு முன் கோட்டைப் பகுதியில், 2004ல் அப்துல் கலாம் திறந்துவைத்த ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொன்னேன். நல்ல காசு எப்படி இருக்கும் என்று கண் பழகும்.

கடைசியில் துணியால் ஒற்றி ஈரம் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, மேலே பென்சிலால் வருடமும் எடையும் அடர்த்தியும் எழுதினோம். 1919ன் உறையிலும் 8.9 என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்.