ரீசெட் பட்டனில் கை வைக்கும் முன்

கேமராவோ, பிஎல்சியோ (தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கருவி), வைஃபை ரேடியோவோ, லேப்டாப்பில் நேராக லேன் கேபிளைச் செருகி "கனெக்ட் ஆகலை" என்றதும் பலர் தேடுவது ஒரு குண்டூசியை. ரீசெட் ஓட்டைக்குள் விடத்தான். அழுத்தினால் பாஸ்வேர்டு மட்டுமா போகும்? யாரோ உட்கார்ந்து செட் செய்துவைத்த ஐபி (நெட்வொர்க் முகவரி), போர்ட் எண், ரெக்கார்டிங் நேரம் எல்லாமே போய்விடும். எனக்கு வரும் இந்த மாதிரி அழைப்புகளில் பெரும்பாலும் கருவி நன்றாகவே இருக்கும். சிக்கல் லேப்டாப் பக்கம்.

போர்ட்டில் விளக்கு எரியவில்லையா? ஐபி பேச்சே வேண்டாம். கேபிளையும் மின்சாரத்தையும் பாருங்கள். லேன் கேபிள் வழியாகவே கரண்ட் எடுக்கும் பிஓஇ கேமராவுக்கு லேப்டாப் போர்ட் அதைத் தராது. அடாப்டரோ, கேபிளில் கரண்ட் ஏற்றும் இன்ஜெக்டரோ வேண்டும்.

விளக்கு எரிந்தும் வரவில்லை என்றால் முகவரிதான். நடுவில் ரூட்டர் இல்லாததால் ஐபி கொடுக்க ஆளில்லை. விண்டோஸ் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். கருவியோ வேறு வரிசையில் இருக்கும், அதாவது முகவரியின் முதல் மூன்று எண்கள் வேறாக இருக்கும். யுபிக்விட்டி ஏர்மேக்ஸ் ரேடியோ என்றால் புதிதாக வரும்போது 192.168.1.20. அதனால் லேப்டாப்பில் 192.168.1.10 என்று கையால் போடுங்கள். மாஸ்க் (முகவரியில் எதுவரை வரிசை என்று சொல்வது) 255.255.255.0. கேட்வேயை (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) காலியாக விடுங்கள்.

இதற்குப் பிறகும் ஆட்டம் காட்டுவது வைஃபை. வீட்டு வைஃபை ரூட்டரும் 192.168.1 வரிசையில் இருந்தால், ஒரே வரிசைக்கு லேப்டாப்பில் இரண்டு வழி. கேமரா போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ். வைஃபை அதைவிட வேகம் என்று விண்டோஸ் கணக்குப் போட்டால், கேபிளை விட்டுவிட்டு வைஃபை வழியாகவே அனுப்பும். ஜியோ ஃபைபர் ரூட்டர் வழக்கமாக 192.168.29 வரிசை என்பதால் அங்கே மோதாது. அதனால்தான் ஒரு வீட்டில் வேலை செய்வது அடுத்த வீட்டில் செய்வதில்லை. கருவியின் முகவரி 192.168.1.1 என்றால் இன்னும் வேடிக்கை: ரூட்டரின் லாகின் பக்கம் திறக்கும், அதில் கருவியின் பாஸ்வேர்டை அடித்துக்கொண்டு "தப்புன்னு சொல்லுது" என்பார்கள். வைஃபையை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையிலும் ஒரு பொறி உண்டு. "ரிப்ளை ஃப்ரம் 192.168.1.10" என்று பார்த்ததும் பதில் வந்துவிட்டதாக நினைக்கிறோம். வரியை முழுதாகப் படியுங்கள்: "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்." அந்த 10 உங்கள் லேப்டாப்பேதான். தேடிப் பார்த்தேன், அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று அதுவே சொல்கிறது.

கருவியின் ஐபி தெரியவில்லையா? தயாரிப்பாளரின் தேடும் மென்பொருளை ஓட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் கேபிளில் போகும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்துவைத்து, கருவியை அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். பல கருவிகள் எழுந்ததும் ஏஆர்பி (முகவரி யாருடையது என்று அறியும் முறை) செய்தியில் தன் முகவரியைச் சொல்லிவிடும். ரீசெட் இதற்கெல்லாம் அப்புறம்தான். அதுவும் பழைய செட்டிங்குகள் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்ட பிறகு.

வேலை முடிந்ததும் லேப்டாப் ஐபியை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் ஆபீஸில் லேன் கேபிளைச் செருகிவிட்டு "நெட் வரலை" என்று அடுத்த அழைப்பு வரும்.