முகாமின் முதல் வாரம்: டிஃபென்சிவ் லைன் வீரர்களும் ஹீட் ஸ்ட்ரோக்கும்

ஹெல்மெட்டும் பேடும் மாட்டிக்கொண்டு முட்டிமோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் கல்லூரி சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். அதற்குச் சுமார் நான்கு வாரம் முன்பே பயிற்சி முகாம் ஆரம்பித்துவிடும். டெக்சாஸ், ஜார்ஜியா, லூசியானா பக்கமெல்லாம் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஆளை அடிக்கும் நேரம் அது. அந்த நாட்களில் வீரர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் அத்லெட்டிக் ட்ரெய்னர்களின் கண் அதிகம் இருக்க வேண்டியது வேகமாக ஓடுகிறவர்கள் மேல் அல்ல. முன்வரிசையில் நிற்கும் கனத்த ஆட்கள் மேல். அமெரிக்கக் கால்பந்தில் வெப்பத்தால் இறந்த வீரர்களில் பெரும்பாலோர் இந்த முன்வரிசை ஆட்களான லைன்மேன்கள்தான்.

எதிரணியின் தாக்குதலைத் தடுக்கும் முன்வரிசையான டிஃபென்சிவ் லைனில் வழக்கமாக நடுவில் இரண்டு டேக்கிள், ஓரங்களில் இரண்டு எண்ட். டேக்கிள் ஒருவர் 130 முதல் 145 கிலோ வரை இருப்பது சகஜம். 190 செ.மீ. உயரமும் 140 கிலோ எடையும் உள்ள ஒருவரை, 183 செ.மீ. உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஒருவரோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாமவரின் எடை 75 சதவீதம் அதிகம், தோலின் பரப்போ ஏறத்தாழ 35 சதவீதம்தான் அதிகம் (2.7 சதுர மீட்டர், 2.0 சதுர மீட்டர்). ஓடும்போது உண்டாகும் சூடு எடையைப் பொறுத்தது. அது வெளியேறும் வழி தோல். அந்தத் தோலிலும் கணிசமான பகுதியை ஹெல்மெட்டும் ஷோல்டர் பேடும் மூடிவிடுகின்றன. வியர்வை உலர இடமில்லை.

இதோடு பயிற்சியின் தன்மையும் சேர்ந்துகொள்கிறது. ஆட்டத்தில் ஒரு டிஃபென்சிவ் டேக்கிளின் வேலை ஐந்தாறு விநாடி முழு பலத்தோடு மோதுவது. பிறகு அடுத்த ஸ்னாப் வரை, அதாவது பந்து மறுபடி ஆட்டத்துக்கு வரும் வரை, மூச்சு வாங்க வழக்கமாக அரை நிமிடம் போலக் கிடைக்கும். முகாமிலோ அதே ஆளை மைதானத்தின் குறுக்கே கேசர் என்ற ஓட்டம் ஓட விடுகிறார்கள். மைதானத்தின் அகலம் 53 யார்டு சொச்சம்; போய், வந்து, மறுபடி போய் வந்தால் 213 யார்டு. எல்லோருக்கும் ஒரே நேரக் கெடு வைத்தால் 140 கிலோ ஆள் தன் எல்லையைத் தாண்டித்தான் அதை முடிக்க முடியும். அவர் ஆடும் ஆட்டத்துக்கு அது தயார்படுத்துவதும் இல்லை. இது பயிற்சியே அல்ல, தண்டனை. கண்டிஷனிங் டெஸ்ட், அதாவது தாக்குப்பிடிக்கும் திறனுக்கான சோதனை, வைத்தே ஆகவேண்டும் என்றால் அவரவர் ஆடும் இடத்துக்கேற்ற நேரமும், குட்டை ஓட்டமும், நடுவே போதிய ஓய்வும் தர வேண்டும். விடுமுறை முடிந்து திரும்புகிறவர்களுக்குக் கண்டிஷனிங் அளவை முதல் வாரம் 50 சதவீதம் குறைத்து, பின் 30, 20, 10 என்று குறைப்பைத் தளர்த்தச் சொல்கிறது உடல்வலுப் பயிற்சியாளர் அமைப்புகளின் 2019 வழிகாட்டுதல். எடைப் பயிற்சியிலும் இதே எச்சரிக்கை தேவை. 2011 ஜனவரியில் அயோவா பல்கலைக்கழக வீரர்கள் 13 பேர், விடுமுறை முடிந்த கையோடு செய்த கடும் ஸ்குவாட் பயிற்சியால் தசை சிதைந்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தசைச் சிதைவின் அடையாளமாகக் கோலா நிறத்தில் சிறுநீர் போனால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். பழகப் பழக ரத்தத்தில் நீரளவு கூடும், வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும். இதற்காகத்தான் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. 2003இல் ஐந்து நாள் பழக்கக் காலத்தைக் கட்டாயமாக்கியது. 2021இல் அதை ஏழு நாளாக நீட்டியது. முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும். முழு பேட் கடைசியில்தான். குளிர்ப் பிரதேசத்திலிருந்து வரும் புதிய மாணவரும், ஒரு வாரம் தாமதமாக வந்து சேர்கிறவரும் தங்கள் முதல் நாளை முதல் நாளாகவே தொடங்க வேண்டும். அணி ஆறாம் நாளில் இருக்கிறது என்று அவருக்கும் பேட் மாட்டிவிடும் இடத்தில்தான் விதி உடைகிறது.

வெயிலைச் செல்போனில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஈரப்பதம், வெயில், காற்றின் சூடு எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சேர்த்துச் சொல்லும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலைக் கருவியை அந்த மைதானத்திலேயே வைத்து அளக்க வேண்டும். ஈரப்பதத்தைக் காட்டும் ஈரக்குமிழ் அளவின் பங்கு அதில் 70 சதவீதம், வெயிலின் நேரடிச் சூடு 20, காற்றின் சூடு 10 என்று கணக்காகிறது. ஜார்ஜியா பள்ளி விளையாட்டுச் சங்கம் 2012 முதல் பின்பற்றும் அளவுகள் தெளிவானவை. 30.6 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பயிற்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, மணிக்கு நான்கு முறை ஓய்வு. 32.2 தொட்டால் பேடும் ஹெல்மெட்டும் கூடாது, ஒரு மணி நேரம்தான். 33.3 தாண்டினால் வெளியே பயிற்சியே இல்லை. செயற்கைப் புல் தரை இன்னும் சூடேறும். பக்கத்துப் புல்தரையில் எடுத்த அளவு அதற்குப் பொருந்தாது.

தண்ணீர் விஷயத்தில் தராசுதான் சாட்சி. பயிற்சிக்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு, டிரவுசரோடு எடை பார்க்க வேண்டும். 140 கிலோ ஆள் எடையில் 2 சதவீதம் இழந்தால் அது 2.8 கிலோ. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, உப்புள்ள சாப்பாட்டோடு, மறுநாள் காலைக்குள் ஈடுகட்ட வேண்டும். எடை திரும்பாதவர் அன்று பயிற்சிக்கு வரக்கூடாது. பயந்துபோய் ஒரே மணி நேரத்தில் பல லிட்டர் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, ஒவ்வாமை மாத்திரை, ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவுக் கோளாறுக்கான மருந்து, ப்ரீ-ஒர்க்கவுட் பொடி ஆகியவை வெப்ப ஆபத்தைக் கூட்டலாம்; அவற்றைக் காலையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை நின்று தோல் காய்ந்துபோகும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். உழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆள் தொப்பலாக நனைந்திருப்பார். கவனிக்க வேண்டியது மூளையின் அடையாளங்களை: ஆட்டம் தொடங்குமுன் குனிந்து நிற்கும் ஸ்டான்ஸில் கை ஊன்றத் தடுமாறுவது, சொன்னதற்குச் சம்பந்தமில்லாத பதில், காரணமில்லாத கோபம், தள்ளாட்டம். சில நேரம் நடுவே தெளிந்து நன்றாகப் பேசுவார். அதை நம்பி நிழலில் உட்காரவைத்துவிட்டுப் போனால் சற்று நேரத்தில் நினைவிழக்கலாம். நெற்றி, காது, வாய் வெப்பமானிகள் இங்கே பொய் சொல்லும். மலக்குடல் அளவு மட்டுமே சரி. அது 40 டிகிரியைத் தாண்டி, நடத்தையும் மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

2018 மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஒஃபென்சிவ் லைன் வீரர் ஜோர்டன் மெக்நேர் 110 யார்டு ஓட்டங்களின்போது சரிந்தார். ஜூன் 13இல் இறந்தார். வயது 19. அவருடைய உடல் வெப்பத்தை அளக்கவும் இல்லை, ஐஸ் தண்ணீரில் இறக்கவும் இல்லை என்று விசாரணை அறிக்கை பதிவு செய்தது. இந்த இரண்டும் எந்தக் கல்லூரியாலும் முடிகிற காரியங்கள்.

மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் 150 கேலன் தொட்டி, அதாவது சுமார் 570 லிட்டர், போதும். விசில் அடிப்பதற்கு முன்பே அது மைதான ஓரம் நிழலில் தயாராக இருக்க வேண்டும். முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம். 140 கிலோ ஆள் இறங்கினால் ஏறத்தாழ 140 லிட்டர் இடம்பிடிப்பார். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே, மேற்பரப்பு முழுக்க ஐஸ். ஆளைத் தூக்க ஐந்தாறு பேர் வேண்டும். யார் எங்கே பிடிப்பது என்று முகாமுக்கு முன்பே ஒத்திகை பாருங்கள். அக்குள் வழியாக ஒரு நீளத் துண்டைக் கொடுத்து ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டால் தலை மூழ்காது. பேடைக் கழற்ற நேரமாகும் என்றால் தண்ணீருக்குள் இறக்கிய பிறகு வெட்டி எடுங்கள். தண்ணீரை விடாமல் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் தோலை ஒட்டிச் சூடான நீர் படலமாக நின்றுவிடும். உடல் வெப்பம் ஐந்து நிமிடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி இறங்கும். 38.9 வந்ததும் வெளியே எடுங்கள். நடுங்குகிறார் என்று பாதியில் தூக்கக் கூடாது.

அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911ஐ உடனே அழையுங்கள். ஆனால் ஆம்புலன்ஸ் வந்தாலும் குளிர்வித்த பிறகுதான் ஏற்ற வேண்டும். இதை உள்ளூர் ஆம்புலன்ஸ் குழுவோடு முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கிவிட்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக மிக அதிகம். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் பை வைப்பது மட்டும் போதாது. தொட்டி இல்லையென்றால் தார்ப்பாயில் படுக்கவைத்து, ஓரங்களை நாலைந்து பேர் தூக்கிப் பிடித்து, ஐஸ் தண்ணீரை ஊற்றி அசைக்கலாம்.

சரிந்தவர் எல்லோருக்கும் ஹீட் ஸ்ட்ரோக் என்று முடிவு கட்டவும் கூடாது. ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளையச் செய்யக்கூடிய அரிவாள் செல் மரபுக்கூறு உள்ளவர் ஓட்டத்தின் தொடக்க நிமிடங்களிலேயே கால் வலுவிழந்து சரியலாம். தசை இறுகியிருக்காது, பேச்சு தெளிவாக இருக்கும், உடல் சூடும் அவ்வளவு ஏறியிருக்காது. அவருக்கு உடனே ஓய்வு, ஆக்சிஜன், ஆம்புலன்ஸ். இந்த மரபுக்கூறு நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பது 1952லேயே பதிவானது. ஆகவே இந்திய வம்சாவளி மாணவர்களும் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

ஹீட் ஸ்ட்ரோக்கிலிருந்து மீண்டவருக்கு மருத்துவமனையிலிருந்து வந்தபின் குறைந்தது ஏழு நாள் எந்தப் பயிற்சியும் கிடையாது. ஒரு வாரம் கழித்து மருத்துவர் பார்த்து, கல்லீரல், சிறுநீரகம், தசை நொதி அளவுகளை ரத்தத்தில் சோதிக்க வேண்டும். எல்லாம் இயல்பானால் ஏசி அறையில் லேசாகத் தொடங்கி, இரண்டு வாரத்தில் படிப்படியாக வெயிலுக்கு வரலாம். ஹெல்மெட் அதற்குப் பிறகு, முழு பேட் எல்லாவற்றுக்கும் கடைசியில். சீசனின் முதல் ஆட்டம் எந்தத் தேதியில் வந்தாலும் இந்தக் கணக்கைச் சுருக்கக் கூடாது.